ஆடுகள உளவியல்: முதுகலைப் படிப்பும் கல்வராயன் மலைக் களமும்

விளையாட்டு, செயல்திறன் உளவியல் என்பது, பிறர் பார்த்துக்கொண்டிருக்க, குறித்த நேரத்தில், கிடைத்த ஒரே வாய்ப்பில் தம் திறமையைக் காட்ட வேண்டியவர்களைப் பற்றிய படிப்பு. ஓட்டக்காரரும் கபடி வீரரும் சதுரங்க ஆட்டக்காரரும் அதன் எல்லைக்குள் வருகிறார்கள். விடிய விடிய ஆடும் கூத்துக் கலைஞரும், காவலர் தேர்வில் கயிறு ஏறும் இளைஞரும், அறுவை அரங்கில் நிற்கும் மருத்துவரும் வருகிறார்கள். பயிற்சியில் கைகூடியது போட்டியில் ஏன் நழுவுகிறது, நழுவாமல் காக்க என்ன செய்யலாம் என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி.

அவையோரே, இச்சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்து ஒன்றுதான். இத்துறையின் முதுகலைப் படிப்பு வகுப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் தொடங்கினாலும், மேற்பார்வையோடு கூடிய களப்பணியில்தான் முழுமை பெறுகிறது. அந்தக் களம் பெருநகர அகாடமிகளோடு நின்றுவிடாமல் கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை போன்ற இடங்களுக்கும் விரிய வேண்டும். மலைப்பிள்ளைகளுக்கு அதனால் கிடைக்கும் நன்மை வெளிப்படை. படிப்புக்குக் கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது என்பதையே இனி வரும் பகுதிகள் காட்டும்.

களத்தைப் பற்றிச் சில சொற்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவானது. அதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகக் கல்வராயன் மலை நிற்கிறது. அதன் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. மலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர், தமிழ் பேசுபவர்கள், சாமையும் மரவள்ளியும் பயிரிடுபவர்கள். பருவம் தப்பினால் கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. பிள்ளைகளில் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும், வெள்ளிமலையில் உள்ள ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியிலும் தங்கிப் படிக்கிறார்கள். விடுதி, பயணம், பெற்றோரைப் பிரிந்த வாழ்க்கை, போட்டி ஆகிய அனைத்தும் ஓர் இளம் ஆட்டக்காரரின் வாழ்வில் ஒன்றாகச் சேரும் இடம் இது.

1. துறை வந்த வழி

இத்துறையின் தொடக்கமாக எல்லாப் பாடநூல்களும் சொல்வது 1898இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நார்மன் டிரிப்ளெட் செய்த ஆய்வை. தனியாக ஓட்டுபவரைவிட, துணைக்கு ஆள் இருக்க ஓட்டும் சைக்கிள் வீரர் வேகமாகப் போவதைப் பந்தயப் பதிவுகளில் கண்ட அவர், சிறுவர்களைத் தூண்டில் சுருளை தனியாகவும் இணையாகவும் சுற்றவைத்துப் பார்த்தார். உடன் ஒருவர் இருந்தால் வேகம் கூடும் என்பது அவர் முடிவு. 2005இல் மைக்கேல் ஸ்ட்ரூப் அதே எண்களை இன்றைய புள்ளியியல் முறையில் மறுபடி கணக்கிட்டபோது, அந்த வேறுபாடு மிக மெலிந்ததாகவே இருந்தது. முதல் பருவ மாணவருக்கு இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். துறையின் மூலக்கல்லையே தட்டிப் பார்க்கலாம் என்ற துணிவு ஆய்வு முறையியலின் முதல் பாடம்.

இலினாய் பல்கலைக்கழகத்தில் 1925இல் தடகள ஆய்வுக்கூடம் அமைத்த கோல்மன் கிரிஃபித் இந்தச் சொற்பொழிவுக்கு இன்னும் நெருக்கமானவர். 1938இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் அவரை அணிக்கு அழைத்துவந்தார். அறிவுக்குக் குறைவில்லை, கருவிகளுக்கும் குறைவில்லை. ஆனால் அணியின் மேலாளர் சார்லி கிரிம் அவரை ஏற்கவில்லை, வீரர்களும் ஒதுங்கினர். ஆய்வுக்கூடத்தில் சிறந்து நின்ற அறிவு அணிக்குள் நுழைய வழியின்றி நின்றது. உரிமையாளரின் அழைப்பு வேறு, பயிற்சியாளரின் இசைவு வேறு என்பதை இத்துறை அன்றே விலைகொடுத்துக் கற்றது. மலைப்பள்ளிக்குப் போகும் முதுகலை மாணவருக்கும் நிலைமை இதுவே. மேலிடத்து அனுமதிக் கடிதம் பள்ளியின் கதவைத் திறக்கும். பிள்ளைகளிடம் அழைத்துப்போக வேண்டியவர் உடற்கல்வி ஆசிரியர்.

1965இல் ரோமில் பன்னாட்டு விளையாட்டு உளவியல் கழகம் தோன்றியது. இந்தியாவில் இத்துறை உடற்கல்வியின் கிளையாகவே வளர்ந்தது. அதன் தடம் சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, குவாலியரில் 1957இல் எழுந்த லட்சுமிபாய் உடற்கல்வி நிறுவனம், பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் என்று போகிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2005இல் செயல்படத் தொடங்கியது. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் அமைந்த அதன் வளாகத்தில் விளையாட்டு உளவியலுக்கும் சமூகவியலுக்கும் தனித் துறை உண்டு. மணிப்பூரில் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம் விளையாட்டு உளவியலில் எம்.ஏ. பட்டம் தருகிறது.

2. படிக்க வருபவரும் பாடமும்

இரண்டு ஆண்டுப் படிப்பு, நான்கு பருவங்கள். ஊக்கம், பதற்றம், கவனம், ஆளுமை, குழு இயக்கம், இயக்கக் கற்றல், ஆலோசனை நுட்பங்கள், உளவியல் அளவீடு, புள்ளியியல், ஆய்வேடு ஆகியவை எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே அமையும்.

வருகிறவர்கள் ஒன்றுபோல் அமைவதில்லை. உளவியலில் இளநிலை முடித்து வருபவருக்கு மனம் பற்றிய கோட்பாடுகள் தெரியும். தொடர் ஓட்டத்தில் கோல் மாற்றும் பகுதி எவ்வளவு நீளம் என்று தெரியாது. உடற்கல்வி படித்து வருபவருக்கு மைதானம் அத்துப்படி. கேட்டுக்கொண்டே இருக்கும் பொறுமை புதிது. விசில் ஊதி ஆணையிட்டுப் பழகிய குரலை ஆலோசனைக்குத் தணிப்பது எளிதான பயிற்சி ஆகாது. இந்த இரு வகையினரையும் இணை இணையாகக் களத்துக்கு அனுப்பினால் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்பார். அப்படி அனுப்பாத படிப்பில் நான்கு பருவங்கள் கழிந்த பின்னும் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடும் மற்றவர் விசிலோடுமே வெளியேறுவார்.

3. பதற்றம்: மூன்றாவது பாட்டு

இத்துறையில் மிக அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று போட்டிப் பதற்றம். கிளர்ச்சி கூடக் கூடச் செயல்திறன் ஏறி, ஓர் உச்சத்துக்குப் பின் இறங்கும் என்ற கவிழ்த்த ‘ப’ வடிவக் கோட்பாட்டை மாணவர்கள் முதலில் படிக்கிறார்கள். அதற்கு மூலமாகக் காட்டப்படும், யெர்க்ஸ், டாட்சன் ஆகிய இருவர் பெயரில் வழங்கும் 1908ஆம் ஆண்டு ஆய்வு மனிதரிடமோ விளையாட்டிலோ நடந்ததன்று. மின் அதிர்ச்சிக்கு உட்பட்ட சுண்டெலிகள் வேறுபாடு அறியக் கற்றதைப் பற்றியது. அங்கிருந்து ஆடுகளத்துக்கு வந்த தூரம் பெரிது. அந்தத் தூரத்தைக் குறைத்தவர் சோவியத் ஒன்றியத்தில் விளையாட்டு வீரர்களோடு பணியாற்றிய யூரி ஹானின். உச்சம் எல்லாருக்கும் நடுவில் இருக்காது, ஒருவர் நெஞ்சு படபடக்கும்போதுதான் நன்றாக ஆடுவார், மற்றவர் அமைதியில்தான் ஆடுவார், ஆகவே ஒவ்வொருவரின் ஏற்ற நிலையையும் தனித்தனியே கண்டறிய வேண்டும் என்றார். ரெய்னர் மார்ட்டென்ஸ் பதற்றத்தைப் பிரித்தார். மனத்தில் ஓடும் கவலை ஒன்று. உடலில் தோன்றும் படபடப்பு இன்னொன்று. தன்னம்பிக்கை தனி இழை.

இந்தக் கோட்பாடுகளைக் கபடிக் களத்தில் வைத்துப் பார்த்தால் அவை உயிர் பெறுகின்றன. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் கபடிக் குழு உண்டு. பாடிப் போகிறவருக்கு 30 நொடி. ஓர் அணியின் பாட்டு இரண்டு முறை தொடர்ந்து புள்ளியின்றி முடிந்தால், மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையேல் பாடிப் போனவரே ஆட்டமிழப்பார். அந்த மூன்றாவது பாட்டைக் கவனித்துக் கேட்க வேண்டும். கவலை மூச்சைச் சுருக்குகிறது. மூச்சு சுருங்கினால் ‘கபடி கபடி’ என்ற ஒலி விரைந்து, மேலேறி, இடையில் அறுகிறது. மற்ற விளையாட்டுகளில் பதற்றத்தை அளக்க வினாத்தாளோ இதயத்துடிப்புப் பட்டையோ வேண்டும். கபடியில் அது காதில் விழுகிறது. பயிற்சி ஆட்டத்தின் பாட்டையும் இறுதி ஆட்டத்தின் மூன்றாவது பாட்டையும் ஒலிப்பதிவு செய்து, வேகத்தையும் இடைவெளியையும் ஒப்பிடுவது முதுகலை ஆய்வேடு ஒன்றுக்கு முழுத் தகுதியுள்ள பொருள். செலவு ஒரு கைப்பேசி.

நெருக்கடியில் தடுமாறுவதற்குக் கவனச் சிதறல் ஒரு காரணம். கவனம் தவறான இடத்தில் குவிவது இன்னொரு காரணம். பழகிப் பழகித் தானாக நிகழும் அசைவை, தோற்கக் கூடாது என்ற நினைப்பில் மறுபடி உற்றுக் கவனிக்கத் தொடங்கினால் அதன் ஓட்டம் குலைகிறது. ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் 1992இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ள விதிமுறைகளைச் சொல்லிக் கற்பிக்கப்பட்டவர்கள் நெருக்கடியில் தளர்ந்தனர். வேறு வேலையில் மனத்தைச் செலுத்தியபடியே, விதி ஏதும் அறியாமல் கைப்பழக்கத்தால் கற்றவர்கள் அவ்வளவு தளரவில்லை. சியான் பைலாக், தாமஸ் கார் இருவரும் 2001இல் இதே திசையில் சான்றுகள் சேர்த்தனர். ஊர்க் குழுவில் அண்ணன்மாரைப் பார்த்துப் பார்த்துக் கபடி பழகிய பிள்ளை விளையாட்டு விடுதிக்குப் போனதும், காலை இப்படி வை, இடுப்பை இவ்வளவு தாழ்த்து என்று விதிவிதியாகக் கேட்கத் தொடங்குகிறது. அந்த மாற்றம் நிகழும் மாதங்களில் போட்டியில் என்ன ஆகிறது என்பதை மேற்கண்ட ஆய்வுகளின் வெளிச்சத்தில் தொடர்ந்து பார்க்க இங்கே இடமுண்டு.

4. அளவுகோல்களின் எல்லை

அளவீட்டுத் தாள் மாணவர்கள் அஞ்சும் பாடம். களம் இல்லாமல் அது விளங்கவும் விளங்காது.

வெள்ளிமலைப் பக்கத்து விடுதிப் பள்ளியிலிருந்து மாவட்டப் போட்டிக்கு இறங்கும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். 800 மீட்டர் ஓட்டம். விடிவதற்கு முன் எழுந்திருக்கிறாள். கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் மலைப்பாதையின் வளைவுகளில் வயிற்றைப் பிரட்டுகிறது. வாந்திக்குப் பயந்து காலை உணவை ஒதுக்கிவிட்டாள். மைதானத்தில் எண் அட்டையை ஊசியால் குத்திக்கொண்டு வெயிலில் காத்திருக்கிறாள். அவள் போட்டி மதியத்துக்குத் தள்ளிப் போகிறது. இந்த நேரத்தில் முதுகலை மாணவர் ஒருவர் பதற்ற வினாத்தாளை நீட்டுகிறார். வயிறு ஒரு மாதிரி இருக்கிறதா, உடல் நடுங்குகிறதா என்ற வகையில் கேள்விகள். அனைத்துக்கும் ஆம் என்கிறாள். மதிப்பெண் கூட்டினால் உடல்சார் பதற்றம் மிக அதிகம் என்று வரும். தளர்வுப் பயிற்சி பரிந்துரைக்கப்படும். அவளுக்கு வேண்டியிருந்ததோ முந்தைய இரவே கீழே வந்து தங்க ஓர் இடமும், இரண்டு இட்லியும்.

மதிப்பெண் எண்ணாக நிற்கும்வரை அதற்குப் பொருள் இல்லை. எந்தக் கூட்டத்தாரோடு ஒப்பிட்டு அதிகம் அல்லது குறைவு என்கிறோம் என்பதே பொருளைத் தருகிறது. இத்துறையின் பெரும்பாலான வினாத்தாள்களின் ஒப்பீட்டுக் கூட்டம் மேலைநாட்டுக் கல்லூரி மாணவர்கள். உளவியல் முழுவதும் இப்படிச் செல்வம் மிகுந்த மேலைச் சமூகங்களின் மேல் நிற்பதை ஜோசப் ஹென்ரிக்கும் உடனாய்வாளர்களும் 2010இல் எடுத்துக்காட்டினர். வினாத்தாளை நிரப்பும் சூழலும் விடையை மாற்றுகிறது. வகுப்பில் வரிசையாக உட்காரவைத்து, ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்க நிரப்பச் சொன்னால், விடுதிப் பிள்ளைகள் அதைத் தேர்வாகவே எடுத்துக்கொள்வார்கள். சரியான விடை எது என்று பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டு உறைவிடப் பள்ளி மாணவர்களுக்கென ஒப்பீட்டு அளவைகளை உருவாக்குவது பல ஆய்வேடுகள் கைகோத்துச் செய்ய வேண்டிய வேலை. ஒரு பல்கலைக்கழகம் பத்தாண்டுத் திட்டமாக எடுத்துச் செய்தால் அதன் பயன் மாநிலம் முழுமைக்கும் உண்டு.

5. ‘மலைப்பிள்ளைக்கு மூச்சு உண்டு’

மலையிலிருந்து ஒரு பிள்ளை ஓட்டத்தில் வென்றால் சொல்லப்படும் விளக்கம் இது. பாராட்டாகவே சொல்லப்படுகிறது. ஆனால் உடலியல் அதை ஏற்கவில்லை. உயரத்தில் வாழ்வதால் இரத்தச் சிவப்பணுக்கள் பெருகி நெடுந்தூர ஓட்டத்துக்கு உதவும் மாற்றம் ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேல்தான் தெளிவாகத் தெரிகிறது. கென்ய ஓட்டக்காரர்களின் இட்டென் ஊர் சுமார் 2,400 மீட்டரில் உள்ளது. சின்னக் கல்வராயனின் சராசரி உயரம் 2,700 அடி, பெரிய கல்வராயனுக்கு 4,000 அடி; அதாவது 800 மீட்டரிலிருந்து 1,200 மீட்டர் வரை. இந்த உயரத்தில் இரத்தம் பெரிதாக மாறுவதில்லை. ஏற்ற இறக்கத்தில் நாள்தோறும் நடந்து பள்ளிக்கும் காட்டுக்கும் போய்வந்த கால்களுக்கு உரம் ஏறியிருக்கலாம். அது உழைப்பின் உரம்.

உளவியல் நோக்கில் இந்தப் பாராட்டின் தீங்கு இன்னும் ஆழமானது. வெற்றிக்கும் தோல்விக்கும் மனிதர் கற்பிக்கும் காரணமே அடுத்த முயற்சியின் அளவைத் தீர்மானிக்கிறது என்பது பெர்னார்டு வெய்னரின் காரணம் கற்பித்தல் கோட்பாடு. கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட சிறுவர்கள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றதும் ஊக்கம் இழந்தனர். நன்றாக முயன்றாய் என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் தொடர்ந்தனர். மூச்சு பிறப்பில் வந்தது என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளை முதல் தோல்வியில் என்ன முடிவுக்கு வரும்? தனக்கு அது இல்லை என்ற முடிவுக்கு. ஓடுவதே உனக்கு இயல்பு என்ற சொல்லுக்குள், ஆட்ட நுணுக்கமும் வியூகமும் உனக்கு வராது என்ற மற்றொரு சொல்லும் ஒளிந்திருக்கிறது. ஜெஃப் ஸ்டோனும் குழுவினரும் 1999இல் அமெரிக்காவில் கோல்ஃப் ஆட்டத்தை வைத்து இதைச் சோதித்தனர். இது விளையாட்டு நுண்ணறிவுக்கான சோதனை என்று சொன்னபோது கறுப்பின மாணவர்களின் ஆட்டம் தாழ்ந்தது. இது இயல்பான உடல்திறனுக்கான சோதனை என்று சொன்னபோது வெள்ளையின மாணவர்களின் ஆட்டம் தாழ்ந்தது. இவ்வகை ஆய்வுகள் பின்னர் பல இடங்களில் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் மாணவர் அறிய வேண்டும். அதனாலேயே இங்கே சோதித்துப் பார்ப்பதற்கு மதிப்பு கூடுகிறது.

களப்பணிக்குப் போகும் மாணவருக்கு இதில் உடனடி வேலை ஒன்று உண்டு. உடற்கல்வி ஆசிரியரோடு உட்கார்ந்து, ஒரு வார காலம் பிள்ளைகளிடம் சொல்லப்படும் பாராட்டுகளையும் கண்டிப்புகளையும் குறித்துவைத்து, எத்தனை பிறப்பைப் பற்றியவை, எத்தனை முயற்சியைப் பற்றியவை என்று பிரித்துக் காட்டலாம். குற்றம் சொல்லும் தொனி வந்துவிட்டால் கிரிஃபித்துக்கு நேர்ந்ததே நேரும்.

6. நெடுங்கால ஊக்கம்

ஒரு போட்டிக்கு மனத்தைத் தயார் செய்வதைவிட, பத்து ஆண்டுகள் ஒருவரை விளையாட்டில் நிற்கவைப்பது கடினம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரின் தன்னுறுதிக் கோட்பாடு அதற்கு மூன்று தேவைகளைச் சொல்கிறது. தன் செயலைத் தானே தேர்ந்துகொள்ளும் உணர்வு, திறமை வளர்கிறது என்ற உணர்வு, தன்னை ஏற்றுக்கொண்டவர்கள் உடனிருக்கிறார்கள் என்ற உணர்வு. விடுதிப் பள்ளியில் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டு, மணியடித்தால் ஓடும் பிள்ளைக்கு முதல் தேவை குறைவாகவே கிடைக்கிறது. பெற்றோர் தோட்ட வேலைக்கு வெளிமாநிலம் போன மாதங்களில் மூன்றாவது தேவை வற்றுகிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பள்ளி திறந்த பின்னும் வராத பிள்ளையைப் பற்றி ‘ஆர்வம் இல்லை’ என்று எழுதுவது எளிது. எந்தத் தேவை வற்றியது என்று கேட்பதே உளவியல். வெப்பப்படுத்தும் பயிற்சியை இன்று யார் நடத்துவது, எந்த விளையாட்டு முதலில் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யவிடுவது போன்ற சிறு மாற்றங்கள் மணியடிக்கும் ஒழுங்குக்குள்ளும் நடக்கக் கூடியவை.

கல்வராயன் மலையைக் கள்ளக்குறிச்சியோடு பகிர்ந்துகொள்ளும் சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியிலிருந்து வந்தவர் மாரியப்பன் தங்கவேலு. சிறுவயதில் விபத்தில் வலது கால் பாதிக்கப்பட்டவர்; காய்கறி விற்று வளர்த்த தாயின் மகன். மாற்றுத்திறனாளிகளுக்கான உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். முதல் தங்கத்தோடு நின்றுவிடாத அந்த எட்டு ஆண்டுகளைத்தான் மாணவர் உற்றுப் பார்க்க வேண்டும்.

சதுரங்கத்திலிருந்து ஒரு சான்று. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் உலக வாகையரான சென்னையின் குகேஷ், தன் தயாரிப்பில் மனப் பயிற்சியாளர் பாடி அப்டனின் துணையைப் பெற்றிருந்தார். 2011இல் இந்தியா கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றபோதும் அணியோடு இருந்தவர் அப்டன். டிங் லிரெனுக்கு எதிரான அந்தத் தொடரில் குகேஷ் முதல் ஆட்டத்தில் தோற்றார், 11ஆவது ஆட்டத்தில் வென்று முன்னேறினார், 12ஆவது ஆட்டத்தில் மறுபடி தோற்றார். 14ஆவது ஆட்டத்தில் வென்று வாகை சூடினார். தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடைப்பட்ட இரவுகளைக் கையாளும் கலை இத்துறையின் பாடம்.

7. கூத்து மேடை

செயல்திறன் உளவியலின் கலைப் பகுதியை நம் பல்கலைக்கழகங்கள் ஏறக்குறையத் தொடாமலே விட்டுவிட்டன. பெரும் குறை இது. பாரதக் கூத்து இன்னும் உயிரோடு இருக்கும் மண் கள்ளக்குறிச்சி. பாரதக் கதையோடு தொடர்புடைய கூத்தாண்டவர் கோயிலுள்ள கூவாகமும் இம்மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டை வட்டத்தில்தான் இருக்கிறது.

கூத்துக் கலைஞர் மேடைக்கு வரும் முன் செய்வதைக் கவனித்தால் மேலைப் பாடநூல்கள் ‘ஆட்டத்துக்கு முந்தைய ஒழுங்கு’ என்று சொல்வதன் முழு வடிவம் அங்கே கிடைக்கும். ஒப்பனைக் கொட்டகையில் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு தம் முகத்துக்குத் தாமே அரிதாரம் பூசுகிறார். கோடு கோடாக முகம் மாற, பேச்சு குறைகிறது. புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கிரீடமும் ஏறும்போது உடலின் எடையும் நிற்கும் விதமும் மாறுகின்றன. பிறகு திரை. இருவர் பிடித்திருக்கும் அந்தத் துணிக்குப் பின்னால் நின்றபடியே பாடி, ஆடி, சலங்கையால் தம் வரவைச் சொல்லி, பார்ப்பவர் கண்ணில் படுமுன் காதில் நுழைந்துவிடுகிறார். முதல் பார்வையின் அதிர்ச்சியை இரு தரப்புக்கும் தணிக்கும் ஏற்பாடு அது. சுவிட்சர்லாந்திலோ கொலராடோவிலோ ஓர் ஓட்டப்பந்தய வீரருக்கு ஆலோசகர் படிப்படியாக அமைத்துத் தரும் ஒழுங்கில் இருப்பவை இவையே. உடலைத் தொடும் வரிசை மாறாத செயல்கள், கவனத்தைச் சுருக்கும் கட்டம், களத்துக்குள் நுழையும் குறி.

இரவு முழுவதும் ஆடும் கலைஞர் உறக்கத்தை எப்படிப் பங்கிடுகிறார், நள்ளிரவுக்குப் பின் கூட்டம் மெலியும்போது ஆட்டத்தின் வேகத்தை எப்படிக் காக்கிறார், கட்டியங்காரன் எந்தெந்த இடத்தில் புகுந்து மற்றவர்களுக்கு மூச்சுவிட இடம் தருகிறார் என்பவை சோர்வு மேலாண்மை ஆய்வுக்கான நேரடிப் பொருள். கலைஞர்களை ஆய்வுப் பொருளாக மட்டும் வைக்காமல் வகுப்புக்கு அழைத்து, உரிய மதிப்பூதியம் தந்து, ஆசிரியராக அமர்த்த வேண்டும்.

8. எல்லையும் பொறுப்பும்

விளையாட்டு உளவியலில் முதுகலை முடித்தவர் மருத்துவ உளவியலர் ஆகிவிடுவதில்லை. மருத்துவ உளவியலராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியும் பதிவும் வேண்டும். விளையாட்டு உளவியலருக்கென்று நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டப் பதிவு இல்லை. ஆகவே தன் எல்லையைத் தானே அறிந்து நிற்கும் பொறுப்பு கூடுகிறது. மனச்சோர்வோ, உணவு மறுப்போ, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தென்பட்டால் மனக்காட்சிப் பயிற்சி, தன்னுரை போன்ற இத்துறை நுட்பங்கள் போதா. உரியவரிடம் அனுப்ப வேண்டும். கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மானஸ் உதவி எண் 14416 உண்டு. களத்துக்குப் போகும் முதல் நாளே மாணவர் கையில் இந்தப் பட்டியல் இருக்க வேண்டும்.

சிறுவர்களோடு பணியாற்றுவதால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தை அறிந்திருப்பது கட்டாயம். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. ரகசியம் காப்பேன் என்ற உறுதி அங்கே செல்லாது. இந்த வரம்பை முதல் சந்திப்பிலேயே, பிள்ளைக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிட வேண்டும். பயிற்சியாளருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதும் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும். அணித் தேர்வுக்கு முதல் நாள் ‘இந்தப் பிள்ளை தாங்குமா?’ என்று பயிற்சியாளர் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உளவியலரிடம் அடுத்த ஆண்டு எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

ஆட்டம் தாழ்ந்ததற்கான காரணம் ஆடுகளத்துக்கு வெளியே இருக்கும் காலங்களும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது அதன் பின்னர்தான். தந்தையை இழந்த பிள்ளை மைதானத்துக்குத் திரும்பும்போது நேரக்கணிப்பில் சில நொடி கூடியிருக்கும். அதைப் பயிற்சிக் குறை என்று பதிவு செய்யும் உளவியலர் துக்கத்தைக் காணத் தவறியவர்.

9. மேற்பார்வை மணிநேரங்கள்

பிரிட்டனில் விளையாட்டு, உடற்பயிற்சி உளவியலர் என்ற பெயர் 2009 முதல் சட்டக் காப்புடையது. முதுகலைக்குப் பின் மேற்பார்வையில் பணியாற்றிப் பதிவு பெற்ற பின்னரே அப்பெயரைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் பயன்பாட்டு விளையாட்டு உளவியல் சங்கம் தரும் சான்றுக்கு, வழிகாட்டியின் கீழ் 400 மணிநேரப் பணி வேண்டும். இரண்டிலும் பட்டம் பாதி வழியே.

நம் முதுகலைப் படிப்பில் இதற்கு நிகரானதை அமைக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் பருவ முடிவில் ஒரு மாதம், மூன்றாம் பருவத்தில் வாரத்துக்கு இரு நாள், நான்காம் பருவத்தில் ஒரு போட்டிக் காலம் முழுவதும் என்று மலைப்பள்ளி ஒன்றோடு ஒரு மாணவ இணையைப் பிணைக்கலாம். குறுவட்டப் போட்டியில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பள்ளி விளையாட்டின் ஆண்டுச் சுழற்சியும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் களப்பணிக்கு இயல்பான கால அட்டவணை தருகின்றன. ஒவ்வொரு வாரமும் மாணவர் தம் சந்திப்புகளை எழுத்தில் தர வேண்டும். மேற்பார்வையாளர் மாதம் ஒரு முறையாவது மலையேறி நேரில் பார்க்க வேண்டும். தொலைபேசி மேற்பார்வை போதாது. மைதானத்தின் ஓரத்தில் மாணவர் எங்கே நிற்கிறார், யாரோடு பேசுகிறார், பிள்ளைகள் அவரைக் கண்டதும் வருகிறார்களா விலகுகிறார்களா என்பது தொலைபேசியில் தெரியாது.

ஒரு மாணவ இணை போனதும் அடுத்த இணை வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும் நிலை வரக் கூடாது. விடுதிப் பிள்ளைகள் வந்து வந்து போகிறவர்களை ஏற்கெனவே நிறையப் பார்த்தவர்கள். பொறுப்பு மாறும் மாதத்தில் பழைய இணையும் புதிய இணையும் சேர்ந்து பள்ளியில் இருக்க வேண்டும். சந்திப்புக் குறிப்புகளைப் பிள்ளையின் இசைவோடு மட்டுமே கைமாற்ற வேண்டும். ஆய்வேட்டின் முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதிப் பள்ளிக்குத் திருப்பித் தருவதைப் பட்டம் பெறும் நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

படித்து முடித்தவர்களுக்கு இன்றுள்ள வாய்ப்புகள் இந்திய விளையாட்டு ஆணைய மையங்கள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள், தனியார் அகாடமிகள், கல்லூரி ஆசிரியப் பணி, முனைவர் பட்ட ஆய்வு என்று அமைகின்றன. உறைவிடப் பள்ளிகளுக்கு மாவட்டத்துக்கு ஒருவர் என்ற அளவிலாவது விளையாட்டு உளவியலர் பணியிடம் உருவாக வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அப்படி அமரும் முதல் ஆளின் அலுவலகம் ஆட்சியர் வளாகத்தில் இருப்பதைவிட வெள்ளிமலையில் இருப்பதே பணிக்குப் பொருந்தும்.